எலும்புக்குப் பயந்து உயிரை விடுவதா?

"இந்த மாத்திரை எலும்பை அரித்து விடுமாம்!"

யாரோ இப்படிச் சொல்லுகிறார்கள். மறுநாளே வீட்டில் மாத்திரையை நிறுத்தி விடுகிறார்கள். அட்ரினல் நோய் உள்ளவர்கள் இப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து.

அட்ரினல் என்பது என்ன? இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தது போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் அட்ரினல். அதில் ஊறும் கார்ட்டிசால் இல்லாமல் மனிதன் பிழைக்க முடியாது. சுரப்பி கெட்டால் உடம்பு சோர்ந்து போகும். எடை குறையும். தோல் கறுக்கும். 1855-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் இதை எழுதினார். அன்று இதற்கு மருந்து கிடையாது.

இன்று ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவின் கென்னடிக்கும் இந்த நோய் இருந்தது. 1947-ல் கண்டுபிடித்தார்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே 1961-ல் ஜனாதிபதி ஆனார்!

அப்படியானால் எலும்பு? அந்தப் பயம் முழுப் பொய் அல்ல. மருந்து பல வருடம் அளவுக்கு மிஞ்சிப் போனால் எலும்பு மெலியும். கால் இடறினாலே இடுப்பு முறியலாம். ஆனால், குற்றம் அளவில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம் போதும். பழைய சீட்டையே காட்டி வருடக்கணக்கில் மருந்து வாங்குகிறவர்கள் பலர். இது எனக்குப் பிடிக்கவில்லை. "இந்த அளவு சரிதானா? எலும்பைச் சோதிக்க வேண்டுமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். 'டெக்ஸா' என்ற படம் எடுப்பார்கள். வலிக்காது. மாதவிலக்கு நின்ற பெண்கள் அவசியம் கேட்க வேண்டும்.

எலும்பு மெலிந்திருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. பால், கேழ்வரகு, கீரை சாப்பிட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். டாக்டர் சொன்னால் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுக்கலாம். அலென்ட்ரோனேட் என்று வாரம் ஒரு மாத்திரையும் உண்டு. அதைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது ஆகாது.

இன்னொன்று. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்டச் சொல்லுவார் டாக்டர். "ஐயோ, எலும்பு!" என்று தயங்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் எலும்பு கரைந்து விடாது. வாந்தியில் மாத்திரை வெளியே வந்து விட்டால் ஊசிதான் போட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.