ஆர்.எம்.டி. தட்டுக்கு ஒரு வெப்பமானி

பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. அதற்காகவே அரசாங்கம் 1979 முதல் ஆரம்பப்பள்ளிகளில் ஆர்.எம்.டி. எனும் துணை உணவுத் திட்டத்தை நடத்தி வருகிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பேச்செல்லாம் கோழி உண்டா, முட்டை உண்டா என்பதோடு நின்றுவிடுகிறது. பரிமாறும்போது உணவு எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை.

சோற்றையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். ஸ்போர் எனும் கெட்டியான உறைக்குள் பதுங்கியிருக்கும்போது அது கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி, 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் வெதுவெதுப்பாகக் கிடந்தால் விழித்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. (இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றில் நாசி கோரேங் கிளறும் வீடுகளும் கவனிக்க!)

சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்கிறது சுகாதார அமைச்சு. விடியற்காலை 5 மணிக்குச் சமைத்தது 10 மணி ஓய்வுக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. வீட்டில் எதுவும் சாப்பிடாமல் வரும் பிள்ளையோ, ஆறிவிட்டது என்று தட்டைத் தள்ளப்போவதில்லை.

சின்னப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலை நடத்துநர் முப்பது தட்டுக்காகச் சூடு காக்கும் பெட்டி வாங்குவார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. உணவுக்குப் பணம் தரும் அரசாங்கமே பெட்டிக்கும் வெப்பமானிக்கும் சேர்த்துத் தரட்டும். தினமும் வெப்பநிலையை எழுதிவைக்கும் வேலையை அறிவியல் கழக மாணவர்களிடம் கொடுக்கலாம்.