பத்து ரூபாயில் தீராத பொறுப்பு

தாராவியானாலும் சரி, சயான் கோலிவாடாவானாலும் சரி, மும்பையில் தமிழர் வாழும் பகுதி எதுவானாலும் காலை ஏழு மணிக் காட்சி ஒன்றுதான். தகப்பனார் லோக்கலைப் பிடிக்க எப்போதோ போயிருப்பார். தாயார் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். சீருடையில் நிற்கும் பிள்ளையின் கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைக்கப்படும். "ஏதாவது வாங்கித் தின்னுக்கோ" என்ற சொல்லோடு அன்றைய காலைப் பலகாரம் முடிந்துபோகிறது. அந்தப் பத்து ரூபாய் சந்து முனைக் கடையில் சிப்ஸ் பாக்கெட்டாகவோ கிரீம் பிஸ்கட்டாகவோ மாறி, பள்ளி வாசலை எட்டுமுன் தீர்ந்துவிடுகிறது.

இதைக் குற்றமாகச் சொல்வது எளிது. ஒற்றை அறைக் கோலியில் ஐந்து பேர் குடியிருந்து, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து, அதற்குள் சமைத்துக் குளித்து ஓடுகிறவர்களுக்கு உபதேசம் செய்வதில் பொருளில்லை. ஆயினும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. காலையில் பத்து, மாலையில் பத்து என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு 1,200 ரூபாய். சீட்டுப் பணத்துக்கு அல்லாடும் குடும்பங்கள்கூட இந்தத் தொகையைக் கேள்வி இல்லாமல் கொடுத்துவருகின்றன. ஆகவே இது பணமில்லாக் குறை அல்ல. நேரமில்லாக் குறை. பிள்ளைக்குக் கொடுக்க முடியாத நேரத்துக்கு ஈடாகக் காசைக் கொடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது என்பதே உண்மை.

அந்தக் காசு எதை வாங்குகிறது? வளர்ந்த ஆளே சேர்க்கப்பட்ட சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. கோலா வகைக் குளிர்பானம் கால் லிட்டர் குடித்தாலே ஏறக்குறைய அந்த அளவு தீர்ந்துவிடும். குளுக்கோஸ் பிஸ்கட்டிலும் எடையில் கால்பங்கு அளவுக்குச் சர்க்கரைதான். பாலில் கலக்கும் மால்ட் பொடி பலம் தரும் என்று நம்பிப் பல தாய்மார்கள் வயிற்றைக் கட்டி வாங்குகிறார்கள். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைக் கம்பெனிகளுக்குச் சொல்ல நேர்ந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதியும் வகுத்தது. அந்த 50 மீட்டர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நம் பேட்டைகளில் கடைக்காரருக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது போலிருக்கிறது.

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து, "பட்டணத்துப் பிள்ளை பூசினாப்போல இருக்கான்" என்று பாட்டி மகிழ்கிறார். கேட்கும் தகப்பனாருக்கும் பெருமைதான். தாம் சிறு வயதில் பட்ட பசியைத் தம் பிள்ளை படவில்லை என்ற நிறைவு அதில் இருக்கிறது. ஆனால் உடல் பூசினாற்போல இருப்பதும் பலமாக இருப்பதும் ஒன்றல்ல. பூனாவில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், அந்நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு, முடிவுகளை 2003இல் வெளியிட்டார்கள். அங்கே சராசரி எடை சுமார் மூன்றரைக் கிலோ, இங்கே 2.7 கிலோ. இங்குள்ள குழந்தை எல்லா வகையிலும் மெலிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? சதையும் உறுப்புகளும் குறைந்திருந்தன. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இப்படிப்பட்ட உடம்புக்குச் சிறு வயதிலேயே சர்க்கரையும் எண்ணெயும் ஏறி, ஓடியாடும் வேலையும் இல்லாமற்போனால், நீரிழிவு நாற்பது வயது வரை காத்திராது. கிராமத்தில் அரை வயிற்றோடு வளர்ந்து நகரத்தில் பிள்ளை பெற்றவர்கள் இதை வேறெவரையும்விடக் கவனித்தாக வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்விலும் இந்த இரட்டைச் சங்கடம் தெரிகிறது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் 2015-16இல் 2.1 சதவிகிதம், 2019-21இல் 3.4 சதவிகிதம். அதே 2019-21 ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 35.5 சதவிகிதம். வயிறு நிறைந்தும் சத்து சேராத பிள்ளைகள் பெருகிவருகிறார்கள்.

மாற்று என்ன? ஊரில் கிடைத்தது இங்கே கிடைக்கவில்லை என்று சொல்வோர் உண்டு. இது சரியல்ல. நாம் விட்டுவந்த தானியங்கள் வேறு பெயர் சூடி இந்தக் கடைகளிலேயே உட்கார்ந்திருக்கின்றன. நாச்னி என்பது நம் கேழ்வரகு. பாஜ்ரி கம்பு, ஜ்வாரி சோளம், குளீத் கொள்ளு. மராட்டிய வீடுகளில் மட்கியை முளைகட்டி உசல் செய்கிறார்களே, அது நரிப்பயறுதான். பக்கத்துக் கோலி மராட்டிய அம்மாள் நாள்தோறும் பாக்ரி தட்டுவதைப் பார்த்துக்கொண்டே, கேழ்வரகு ஏழைச் சோறு என்று நம்மவர் ஒதுக்குவது விந்தை. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறுவதில்லை. இரவே கிண்டி வைத்த கேழ்வரகுக் களியைக் காலையில் மோர் விட்டுக் கரைக்க இரண்டு நிமிடம் போதும். பழைய சோற்றுக்குத் தயிரும் வெங்காயமும் இருந்தால் அடுப்பே வேண்டாம். மாலை நேரப் பத்து ரூபாய்க்கு வறுகடலை, நிலக்கடலை அல்லது ஒரு வாழைப்பழம் வாங்கலாம். பிஸ்கட் தின்று பழகிய நாக்கு முதல் வாரம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு. மத்திய அரசின் அளவுப்படி ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் அதில் இருக்க வேண்டும். 1956லேயே காமராஜர் ஆட்சியில் பள்ளிப் பகலுணவைக் கண்ட மாநிலத்திலிருந்து வந்தவர்கள், இங்கே கிச்சடி என்றால் முகம் சுளிக்கிறார்கள். பாக்கெட் தின்று வயிறு மந்தமான பிள்ளை அதைத் தொடுவதில்லை. உணவு நன்றாக இல்லை என்பது குறையானால், கேட்க வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

விளையாட்டு விஷயம் இன்னும் மோசம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு யோசனை. ஊரில் சடுகுடு, இங்கே ஹுதுது. பெயர்தான் வேறு, ஆட்டம் ஒன்று. ஆட வேண்டிய சால் முற்றத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. பிள்ளை அலைபேசியோடு மூலையில் முடங்கினால் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று பெரியவர்களுக்கு நிம்மதி.

ஆண் பிள்ளையாவது கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடிவிடுகிறான். பெண் பிள்ளையின் கதி வேறு. பத்துப் பதினொரு வயதானதும் தம்பியைப் பார்த்துக்கொள், பாத்திரம் துலக்கு, வெளியே போகாதே என்று கட்டளை வந்துவிடுகிறது. பேட்டை நிலவரம் அறிந்தவர்களுக்குத் தாயின் அச்சம் புரியும். ஆனால் அச்சத்துக்கு விலையாக அந்தப் பெண்ணின் எலும்பையும் ரத்தத்தையும் கொடுப்பதா? இந்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தச் சோகை இருப்பதாக அதே 2019-21 ஆய்வு சொல்கிறது. பத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு தாய்மார்கள் முறைபோட்டு உடன் நின்றால், மாலை ஐந்து முதல் ஆறு வரை கயிறு தாண்டவும் கோகோ ஆடவும் முடியும். ஞாயிற்றுக்கிழமை அந்த முறை தகப்பனாருடையது. வாரம் ஆறு நாள் ரயிலில் தொங்கிக் களைத்தவர் ஏழாம் நாள் படுத்திருக்க விரும்புவது இயல்பே. இருந்தாலும் பிள்ளை அவரை வெளிச்சத்தில் பார்ப்பது அந்த ஒரு நாள்தான்.

தமிழ்ச் சங்கங்களும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. ஆண்டு விழாவில் பிள்ளைகளை மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்துத் தலைவர்கள் பேசுகிறார்கள். முடிவில் ஒரு கேக், ஒரு சிப்ஸ் பாக்கெட். அந்தச் செலவில் ஒரு மைதானத்தைக் காலைப் பொழுதுக்கு அமர்த்தி ஓட்டப் பந்தயம் நடத்தலாம். குடிசை மாற்றுக் கட்டடங்களுக்கு வரைபடம் காட்டி வீடு வீடாகக் கையெழுத்து வாங்க ஆட்கள் வருகிறார்கள். அறை எத்தனை சதுர அடி, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா என்றெல்லாம் கேட்டுக் கையெழுத்திடுகிற சங்கப் பிரமுகர்கள், பிள்ளைகள் விளையாட எத்தனை சதுர அடி, அது எந்தப் பக்கம் என்பதையும் அந்த வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டிய இடத்தைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வாங்க வேண்டும்.