இங்கிலிஷ் வேண்டும், இலக்கியம் வேண்டாமா?



போன கிழமை தரம் 9 பெற்றார் கூட்டம். சாதாரண தரத்துக்கு எந்தத் தொகுதிப் பாடம் என்று கேட்டிருந்தோம். மூன்று பிள்ளைகள் ஆங்கில இலக்கியம் என்று எழுதித் தந்திருந்தார்கள். மூன்றையும் வீட்டார் வெட்டிவிட்டார்கள். "இங்கிலிஷ் கதைக்கத் தெரிஞ்சாப் போதும் சேர், வெள்ளைக்காரன்ட கதையெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார் ஒரு வாப்பா. "சித்திரம் எடுத்தா ஏ வரும்" என்றார் பக்கத்தில் இருந்த உம்மா.

சரி. ஆனால் கூட்டம் கலைய முன்னரே அதே பெற்றார் எங்களிடம் கேட்டது என்ன? இங்கிலிஷ் பொது அறிவுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தச் சொல்லி! பிக் பென் எந்த ஊரில்? ஆங்கிலக் கவிதையின் தந்தை யார்? ஷேக்ஸ்பியர் பிறந்தது எப்போது? சோசர், 1564 என்று பிள்ளை டக்கென்று சொன்னால் மண்டபமே கை தட்டுகிறது. அந்த ஷேக்ஸ்பியரின் ஒரு காட்சியைக்கூடப் பிள்ளை வாசித்ததில்லை. வாசிக்க நாம் விடப்போவதும் இல்லை. சாப்பாட்டின் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, வைத்த சஹனைத் திருப்பி அனுப்புகிற வேலை இது.

அந்தப் பொது அறிவாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கொழும்பில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி 1992இல் புக்கர் பரிசு பெற்றார். அந்தப் பணத்தில் அவர் தொடங்கியதுதான் இங்கே ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கான கிரேஷியன் பரிசு. அதை வென்ற ஷெஹான் கருணாதிலக்க 2022இல் புக்கரையும் வென்றார். 1990ஆம் ஆண்டுக் கொழும்பைப் பற்றிய நாவலுக்கு! இப்னு பதூதா இலங்கையில் நடந்த தடத்தைத் தேடிப் போய் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் நம்முடைய அமீனா ஹுசைன். இந்தக் கேள்விகள் எந்தப் போட்டியில் வருகின்றன? கிருலப்பனையில் மதிலுக்கு மதில் ஸ்போக்கன் இங்கிலிஷ் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. இந்தப் பெயர்களில் ஒன்றுகூட நம் பிள்ளைகளின் காதில் விழவில்லை.

"வெள்ளைக்காரன்ட கதை" என்ற அந்த வாப்பாவுக்கு ஒன்று சொல்கிறோம். 2021இல் இலக்கிய நோபல் வாங்கிய அப்துர்ரஸாக் குர்னா சன்ஸிபாரில் பிறந்தவர். 1964 புரட்சிக்குப் பிறகு அகதியாக இங்கிலாந்து போனவர். அவருடைய 'பரடைஸ்' நாவலின் பையனுக்குப் பெயர் யூசுஃப். சூரா யூசுஃப் தெரிந்த பிள்ளைக்கு அவர் எங்கே கை வைக்கிறார் என்று உடனே பிடிபடும். லண்டன் விமர்சகரைவிட நம் மத்ரஸா பிள்ளை அதை நன்றாக வாசிக்கும்.

ஈமானுக்குக் கேடு என்று பயப்படுகிறவர்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் யூசுஃப் அலியுடையதாக இருக்கும், அல்லது பிக்தாலுடையதாக. பிக்தால் இஸ்லாத்துக்கு வர முன்னரே பெயரெடுத்த ஆங்கில நாவலாசிரியர். யூசுஃப் அலியின் விளக்கக் குறிப்புகளில் ஷேக்ஸ்பியரே வருகிறார். அவ்வளவு ஏன், மிஷனரிகளுக்குப் பயந்து நம் முன்னோர் இங்கிலிஷையே தள்ளிவைத்திருந்த காலத்தில் அதைப் படி படி என்று கத்திய சித்திலெவ்வைதான் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார். அவருக்குக் கதை வேண்டாத பொருளாகப் படவில்லை.

இது வெறும் ஒரு பாடத்தின் பிரச்சினை இல்லை. 2020இல் நம் ஜனாஸாக்களை எரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம். நம் வட்ஸ்அப் முழுக்க அழுகை. ஆனால் ஒரு வாப்பாவின் கையில் இருந்து மையித்தைப் பறிப்பது என்றால் என்ன என்பதை, நம்மை அறியாத ஒருவர் வாசித்துக் கலங்கும்படி ஆங்கிலத்தில் எழுத நம்மில் எத்தனை பேர் இருந்தார்கள்? விரல் விட்டு எண்ணலாம். இன்டர்வியூவுக்குப் பழகிய இங்கிலிஷ் அந்த இடத்தில் ஊமையாகிவிட்டது. அடுத்தவன் வலியை எழுத்தில் வாசித்துப் பழகாதவனுக்குத் தன் வலியை எழுத வராது.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. கவிதையை விட்டுவிட்டு நோட்ஸ் சொல்லி எழுத வைப்பவர்கள் நாங்கள்தான். கதையை வாசிக்காமலே ஏ எடுக்கும் வழியைக் காட்டிக் கொடுத்ததும் நாங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு அது உயிரில்லாத பாடமாகத் தெரிகிறது. சில கதைகளில் நமக்கு ஒத்துவராத விஷயங்கள் இருப்பதும் உண்மை. அதைப் பிள்ளை வகுப்பில் எங்களோடு கதைக்கட்டும். ஃபோனில் தனியாகப் பார்ப்பவற்றை யாரோடு கதைக்கிறது?

படிவங்களை வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்த மூன்றையும் இன்னும் எங்கள் மேசையில்தான் வைத்திருக்கிறோம். வியாழன் அஸருக்குப் பிறகு பாடசாலையில் இருப்போம். வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.