இரண்டு லைன், ஒரே பள்ளம்

அலுவலகத்தில் இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புலம்பினால், பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வது, "இன்னொரு லீஸ்டு லைன் போட்டுவிடுங்களேன்" என்பதுதான். நல்ல யோசனைதான். ஆனால் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தக் கிழவனுக்கு என்ன வேலை என்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் குமாஸ்தாவாக டெண்டர்களையும் ஒப்பந்தங்களையும் வரி வரியாகப் படித்தவன் நான். லைன் வாங்குவதும் ஓர் ஒப்பந்தம்தானே! பிரெஞ்சுக்காரர்கள் இதை 'லியேஸோன் ஸ்பெசியாலிஸே' என்பார்கள். ஒருவருக்கென்றே ஒதுக்கிய இணைப்பு. பிராட்பேண்டை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்கிறோம். லீஸ்டு லைனில் அந்தப் பங்காளித்தனம் இல்லை. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே வேகம். விலை அதிகமாக இருப்பது அதனால்தான்.

முதல் கேள்வி: எதற்காக இரண்டாவது லைன்? வேகத்துக்கா, பாதுகாப்புக்கா?

50 எம்.பி.பி.எஸ். லைன் இரண்டு வாங்கினால் 100 ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஒரு பஸ்ஸுக்குப் பதில் இரண்டு பஸ் விட்டால் இருமடங்கு பேர் போகலாம். ஆனால் ஒரு பயணி சீக்கிரம் போய்ச் சேர முடியுமா? ரவுட்டரும் பொதுவாக அப்படித்தான். ஒவ்வொரு தொடர்பையும் ஏதாவது ஒரு லைனில் ஏற்றிவிடும். நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அது நல்ல பலன் தரும். தினமும் ஒரே ஒரு பெரிய கோப்பை அனுப்புகிறவருக்கு இருக்கிற லைனையே 100 ஆக்குவதுதான் லாபம். இரண்டையும் உண்மையிலேயே ஒன்றாகப் பிணைக்க வேண்டுமென்றால் மறுமுனையிலும் அதற்கேற்ற ஏற்பாடு வேண்டும். இரு வேறு கம்பெனிகளின் லைன்களில் அது தானாக நடக்காது.

இரண்டாவது கேள்வி: இரண்டு லைனும் எந்த வழியாக வருகின்றன?

இங்கேதான் குமாஸ்தாவின் கணக்கு வருகிறது. 99.5 சதவீதம் லைன் இருக்கும் என்று கம்பெனி உறுதி தருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் அரை சதவீதம் ஏறத்தாழ 44 மணி நேரம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு லைன் இருந்தால், இரண்டும் சேர்ந்தாற்போல் படுத்துக்கொள்ளும் நேரம் வருஷத்துக்குச் சுமார் 13 நிமிடம்தான். ஆனால் 'சம்பந்தமில்லாத' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

சென்னைக்கு இரண்டு பஸ் விட்டு, இரண்டையுமே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விட்டால், மரக்காணத்தில் தண்ணீர் ஏறினால் இரண்டும்தான் நிற்கும். ஒன்றாவது திண்டிவனம் வழியாகப் போக வேண்டும்.

என் தங்கை மகன் அலுவலகத்தில் இதுதான் நடந்தது. இரண்டு கம்பெனி, இரண்டு லைன், இரண்டு பில். வாசலில் சாக்கடைக்குப் பொக்லைன் ஒரு தோண்டு தோண்டியது, இரண்டும் போயின. "ரெண்டு பேருக்கும் பணம் கட்டுறேனே மாமா!" என்றான். இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில்தான் கிடந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அன்று மாலை போக வேண்டிய வேலை மறுநாள்தான் போயிற்று.

சிறிய ஊரில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே ஸீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. தனித்தனிக் கேபிள்கள்தான், போன பக்கம் ஒன்று. இந்தியாவில் இன்டர்நெட் தள்ளாடியது. கிழக்கே சிங்கப்பூர், பசிபிக் வழியாக மாற்றிவிட வழி இருந்தவர்கள் சமாளித்தார்கள்.

ஆகவே என் கருத்து இது. லைன் எத்தனை என்று எண்ணாதீர்கள். வழி எத்தனை என்று எண்ணுங்கள். கட்டடத்துக்குள் நுழையும் இடம் வேறா? தெருவில் போகும் பள்ளம் வேறா? இரண்டாவது கம்பெனி தன் சொந்த ஃபைபரில் தருகிறதா, முதல் கம்பெனியிடமே வாடகைக்கு எடுத்துத் தருகிறதா? ஒன்று கம்பி, மற்றொன்று கூரைமேல் ரேடியோ என்றால் இன்னும் நல்லது. பதிலை வரைபடத்தோடு எழுத்தில் வாங்குங்கள். விற்க வந்த பிள்ளை சொன்ன வாய்ச்சொல் கோப்பில் ஏறாது.

எல்லாம் ஆனபிறகு, மாதம் ஒரு முறை, வேலை நேரத்திலேயே ஒரு லைனைப் பிடுங்கிப் பாருங்கள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை என்றால் உங்களிடம் உண்மையிலேயே இரண்டு லைன் இருக்கிறது. கூச்சல் கிளம்பினால் உங்களிடம் இருப்பது இரண்டு பில் மட்டும்தான்.