சபையே சுற்றம் ஆனபோது

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், லூசியானா எல்லையை ஒட்டிய ஷெல்பி வட்டாரத்தில் பாஸம் ட்ராட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். யார் கையிலும் தாராளமாகப் பணம் புழங்குவதில்லை. அந்த ஊர் மக்களை ஒன்றுசேர்த்து வைத்திருப்பது பென்னட் சேப்பல் என்ற சிறிய பாப்டிஸ்ட் சபை. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, அந்தச் சபையின் 22 குடும்பங்கள் 77 குழந்தைகளைத் தத்தெடுத்துக்கொண்டன.

தொடக்கம் ஒரு சாவு வீட்டில்தான். சபையின் போதகர் டபிள்யூ. சி. மார்ட்டினின் மனைவி டோனா, 1996-இல் தாயை இழந்தார். பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய் அவர். துக்கத்திலிருந்து மீள முடியாமல் மாதக்கணக்கில் தவித்த டோனாவுக்கு ஒரு நாள் ஜெபத்தில் ஒரு எண்ணம் உறுதிப்பட்டது: தாய் தனக்குக் கொடுத்ததை, தாயில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அவரது சகோதரிக்கும் அதே எண்ணம். போதகருக்குத்தான் தயக்கம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். பிறகு அவரும் இசைந்தார். மார்ட்டின் தம்பதி நான்கு குழந்தைகளை ஏற்றுக்கொண்டார்கள். அதைப் பார்த்த சபையார் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். தத்தெடுக்க விரும்புவோர் கட்டாயம் பெற வேண்டிய பயிற்சிக்கு இத்தனை பேர் தொலைவிலுள்ள நகரத்துக்கு அலைவதைவிட, மாநிலக் குழந்தைகள் நலத் துறையே ஊருக்கு வந்து வகுப்பு நடத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் கேட்டு வாங்கியது தொட்டில் குழந்தைகளை அல்ல. தத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் கைக்குழந்தைக்கு எப்போதும் வரிசை நிற்கும். எட்டு வயதுச் சிறுவனுக்கும், பிரிக்க முடியாத மூன்று உடன்பிறப்புகளுக்கும், அடி வாங்கி, பட்டினி கிடந்து, வீடு வீடாக மாற்றப்பட்ட சிறுமிக்கும் யாரும் வருவதில்லை. அமெரிக்கச் சட்டம் இத்தகைய குழந்தைகளைச் சிறப்புத் தேவை உள்ளவர்களாகக் கணக்கில் கொண்டு, அவர்களை ஏற்கும் குடும்பங்களுக்கு 1980 முதல் உதவித்தொகை கொடுக்கிறது. அப்படியும் இடம் கிடைக்காமல் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் பதினெட்டு வயதை எட்டி, யாருடைய பிள்ளையாகவும் ஆகாமலே அரசுப் பராமரிப்பிலிருந்து வெளியேறுகிறார்கள். பாஸம் ட்ராட் இந்தப் பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்தது.

இந்தக் கதையை 2024-இல் 'சவுண்ட் ஆஃப் ஹோப்' என்று திரைப்படமாகவும் எடுத்தார்கள். பார்ப்பவர்கள் கண் கலங்குவது இயல்பு. ஆனால் தத்து ஆணையில் கையெழுத்தான பிறகுதான் கடினமான காலம் தொடங்குகிறது. பட்டினியை அறிந்த குழந்தை சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும். நம்பி ஏமாந்த குழந்தை, புதிய தாயின் பொறுமை எதுவரை தாங்கும் என்று நாள்தோறும் சோதிக்கும். பொய், திருட்டு, இரவில் அலறல், பள்ளியிலிருந்து புகார். அன்பு மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இறங்கியவர்கள் சில மாதங்களிலேயே நிலைகுலைந்து போவது உலகெங்கும் நடப்பதுதான். பாஸம் ட்ராட்டிலும் குடும்பங்கள் தடுமாறின. பணத்துக்கும் திண்டாடின.

அவர்களைத் தாங்கிப் பிடித்தது எது? நம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மைதான். அதே ஆலயத்தில் இன்னும் 21 வீடுகள் அதே பாட்டைப் பட்டுக்கொண்டிருந்தன என்பது மீதிப் பாதி. தன் பிள்ளை பாத்திரத்தை வீசி உடைத்தான் என்று ஒரு தாய் வெட்கப்படாமல் சொல்லலாம். கேட்பவர் வீட்டிலும் போன வாரம் அதுதான் நடந்தது. தத்துப் பிள்ளை என்று சுட்டிக்காட்டப்படும் கூச்சமும் குழந்தைக்கு இல்லை. ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் அப்படி வந்தவன்தானே. தனிக் குடும்பத்துக்கு எந்த அரசும் இதை மானியமாகக் கொடுக்க முடியாது. மத அமைப்புகள் இந்தத் துறையில் இறங்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

அதே நம்பிக்கை வேலியாகவும் மாறக்கூடும். தென் கரோலினாவில் அரசுப் பணம் பெற்று இயங்கிய மிராக்கிள் ஹில் என்ற அமைப்பு, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை மட்டுமே வளர்ப்புப் பெற்றோராக ஏற்போம் என்று கத்தோலிக்கரையும் யூதரையும் திருப்பி அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2019-இல் கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தது. ஃபிலடெல்ஃபியாவில், ஒருபாலினத் தம்பதிகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் சான்று தர மறுத்த கத்தோலிக்கச் சேவை அமைப்போடு நகர நிர்வாகம் உறவை முறித்தது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இந்தியாவிலும் இதன் சாயல் உண்டு. தனித்து வாழ்வோருக்கும் தத்துக் கொடுக்க வேண்டும் என்ற 2015 விதிகளை ஏற்க முடியாது என்று அன்னை தெரசாவின் பிறர் அன்பின் பணியாளர் சபை தத்துப் பணியையே நிறுத்திக்கொண்டது. சட்டப்படி அவரவர் நிலைப்பாட்டுக்கு இடமிருக்கலாம். ஆனால் ஏற்கத் தயாராக, தகுதியோடு ஒரு வீடு வாசலில் நிற்கும்போது அதை வடிகட்டி அனுப்பினால் இழப்பு யாருக்கு? குழந்தைக்குத்தான். ஒரு குடும்பத்தை முன்வரத் தூண்டுவது நம்பிக்கையின் வேலையாக இருக்கட்டும். அந்தக் குடும்பம் தகுதியானதா என்று முடிவு செய்யும் வேலை அரசிடமே இருக்க வேண்டும். குழந்தை பிறந்து வளர்ந்த மதத்தையும் மொழியையும் அழிக்காமல் காப்பதும் அந்த மேற்பார்வைக்குள் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றுக்கும் ஈகையில் குறைவில்லை. பிறந்தநாள், நினைவு நாள் என்றால் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. பெற்றோர் சிறையிலோ நீண்ட நோயிலோ இருப்பதால் தத்துக் கொடுக்க முடியாத குழந்தையை, குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு குடும்பத்தில் வளர்க்கும் ஏற்பாட்டுக்கு அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு இடம் தருகிறது. வளர்ப்புப் பராமரிப்பு என்ற அந்த ஏற்பாட்டைக் கேள்விப்படாத பக்தர்கள்தான் இங்கு அதிகம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதிகாரிகள் விண்ணப்பங்களுக்காக அலுவலகத்தில் காத்திருக்காமல், பங்குப் பேரவையிலும் ஜமாஅத் கூட்டத்திலும் கோயில் மண்டபத்திலும் போய் இதை விளக்கலாம். ஓர் ஊரில் ஒரு குடும்பம் முன்வந்தால் போதாது. நான்கைந்து குடும்பங்களாகச் சேர்த்துத் தேர்வு செய்து பயிற்சி கொடுத்தால் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள். குழந்தையை ஏற்று வளர்க்க வயதோ வசதியோ இல்லாதவர்களுக்கும் அப்போது வேலை இருக்கும்: வளர்ப்புத் தாய்க்கு வாரத்தில் ஒரு மாலை ஓய்வு கொடுக்கலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம், மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போக வண்டி ஏற்பாடு செய்யலாம். ஒரு வேளை அன்னதானத்துக்கு ஆகும் செலவில் இந்த ஆலோசகரின் கட்டணத்தைச் சில மாதங்களுக்குக் கட்டிவிட முடியும்.