டிக்கெட்டுக்கு ரேட் உண்டு, பார்க்கிங்குக்கு ரேட் எங்கே? சேப்பாக்கத்தில் ரசிகர்கள் குமுறல்

சென்னை:

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றாலே திருவல்லிக்கேணி வட்டாரத்தில் திருவிழா தான். இரவு 7.30 மணி ஆட்டத்துக்கு சாயங்காலம் 4 மணிக்கே வாலாஜா சாலை மஞ்சளாகி விடும். விசில், கொடி, முகத்தில் பெயிண்ட் என்று ரசிகர்கள் கும்பல் கும்பலாக வந்து குவிவார்கள்.

ஆனால் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பல பேரின் முகம் சுருங்கி விடுகிறது. காரணம், வண்டி. எங்கே விடுவது? எவ்வளவு கேட்பார்கள்? திரும்பி வரும்போது வண்டி அங்கேயே இருக்குமா? இந்த 3 கேள்விக்கும் டிக்கெட்டில் பதில் இல்லை.

டிக்கெட் செலவே பெரிய செலவு

சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டங்களுக்கு 2023-ல் குறைந்தபட்ச டிக்கெட் ரூ.1,500. 2024-லிலும், 2025-லிலும் அது ரூ.1,700. அதற்கு மேல் ரூ.7,500 வரை போனது. போதாக்குறைக்கு ஐ.பி.எல். டிக்கெட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 40 சதவீதமாக 2025 செப்டம்பர் 22-ந்தேதி உயர்ந்தது. ஆயிரம் ரூபாய் டிக்கெட் என்றால் முன்பு வரியோடு ரூ.1,280. இப்போது ரூ.1,400.

டிக்கெட் விலை அதிகம் தான். ஆனால் அது முன்கூட்டியே தெரிகிறது. வேண்டும் என்றால் வாங்கலாம், கட்டுப்படி ஆகாது என்றால் வீட்டில் டி.வி.யில் பார்க்கலாம். பார்க்கிங் அப்படி இல்லை. வண்டியை உள்ளே விட்ட பிறகு தான் தொகை தெரிகிறது. ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது பேரம் பேச யாருக்கு பொறுமை இருக்கும்? கேட்டதைக் கொடுத்து விட்டு ஓடுகிறார்கள். சாதாரண நாளில் ஒரு ரேட், மேட்ச் அன்று ஒரு ரேட், பெரிய டீம் வந்தால் இன்னொரு ரேட் என்பது தான் ரசிகர்களின் பொதுவான புலம்பல்.

சீட் கூடியது, இடம் கூடவில்லை

சேப்பாக்கம் ஸ்டேடியம் நூறு வருஷத்துக்கு மேல் பழமையானது. 1916-ல் தொடங்கிய மைதானம். அந்தக் காலத்தில் சைக்கிளிலும், டிராமிலும், நடந்தும் வந்தார்கள். இன்று ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் பறக்கும் ரெயில் பாதையும், மற்ற பக்கங்களில் வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு, விக்டோரியா ஹாஸ்டல் ரோடு. பின்னால் திருவல்லிக்கேணியின் சந்து பொந்துகள். விரிவாக்க ஒரு அடி நிலம் கிடையாது.

2023 மார்ச் மாதம் கலைஞர் மு.கருணாநிதி பெயரில் புதிய கேலரி திறக்கப்பட்டது. இப்போது சுமார் 38 ஆயிரம் பேர் உட்காரலாம். நாலு பேருக்கு ஒரு வண்டி என்று குறைவாக வைத்துக் கொண்டாலும் 9,500 வண்டி வருகிறது. சீட்டுக்கு கட்டிடம் எழுப்பினார்கள். வண்டிக்கு ஒன்றும் எழும்பவில்லை.

ஒவ்வொரு மேட்சுக்கும் முன்பாக போக்குவரத்து போலீசார் அறிவிப்பு வெளியிடுகிறார்கள். பாஸ் உள்ள வண்டிகளுக்கு ஸ்டேடியம் அருகே இடம். பாஸ் இல்லாத வண்டிகளுக்கு கடற்கரை உட்புற சாலை போன்ற இடங்கள். இந்த பாஸ் சாதாரண டிக்கெட்டோடு வருவது இல்லை. ஆக, காசு உள்ளவருக்கு வாசல் பக்கத்தில் இடம். கேலரி ரசிகர் தூரத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும், கூடவே கேட்ட காசையும் கொடுக்க வேண்டும்.

5 ரூபாய் கணக்கு என்ன ஆச்சு?

சென்னை மாநகராட்சி 2019-ல் ஸ்மார்ட் பார்க்கிங் கொண்டு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு ரூ.5, காருக்கு ரூ.20 என்று நிர்ணயித்தது. பாண்டி பஜார் போன்ற முக்கிய இடங்களில் மட்டும் ரூ.15, ரூ.60. மேட்சுக்கு 6 மணி நேரம் வண்டி நிற்கிறது என்று வைத்தால் சாதாரண ரேட்டில் பைக்குக்கு ரூ.30, காருக்கு ரூ.120 தான் வரும்.

2025 ஜூலையில் கட்டணம் வசூலிக்கும் ஒப்பந்தம் முடிந்தது. புதிய டெண்டர் முடியும் வரை மாநகராட்சி பார்க்கிங் இடங்களில் கட்டணம் கிடையாது, யாராவது வசூலித்தால் 1913 எண்ணுக்கு புகார் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. இந்த விவரம் எத்தனை வெளியூர்க்காரருக்கு தெரியும்? எது மாநகராட்சி இடம், எது தனியார் இடம், யார் உண்மையான வசூல்காரர், யார் சும்மா கையில் சீட்டுக்கட்டோடு நிற்பவர் என்று இருட்டில் எப்படி கண்டுபிடிப்பது? இந்தக் குழப்பம் தான் சிலருக்கு கல்லா கட்ட வசதியாகி விடுகிறது.

காசுக்கு பயந்து ஓரமாக விட்டாலும் தப்பிக்க முடியாது. நோ பார்க்கிங்கில் மாட்டினால் முதல் தடவை ரூ.500, மறுபடி மாட்டினால் ரூ.1,500 அபராதம். வண்டியை தூக்கிக்கொண்டு போனால் நள்ளிரவில் அதைத் தேடி அலைய வேண்டும்.

ஹெல்மெட் படும் பாடு

பைக்கில் வருபவருக்கு இன்னொரு சிக்கல். ஓட்டுபவரும், பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் ரூ.1,000 அபராதம். ஆனால் ஸ்டேடியத்துக்குள் ஹெல்மெட்டுக்கு அனுமதி இல்லை. பைக்கும் அனுமதி இல்லை, பையும் அனுமதி இல்லை. ஹெல்மெட்டை வண்டியில் மாட்டினால் திரும்பி வரும்போது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. யாரிடமாவது கொடுத்து வைத்தால் அதற்கு தனி காசு. சட்டப்படி நடப்பவருக்கே கூடுதல் செலவு என்றால் இது என்ன நியாயம்?

இலவச பயணம் பாதி வழி தான்

வண்டியே எடுத்து வராதீர்கள், பஸ்சில் வாருங்கள் என்று சொல்வதும் நியாயமான யோசனை தான். 2025 சீசனில் மேட்ச் டிக்கெட் வைத்திருப்பவர்கள் மெட்ரோ ரெயிலில் இலவசமாகப் போகலாம் என்று அறிவித்தார்கள். மாநகர பஸ்களிலும், ஏ.சி. பஸ் தவிர்த்து, ஆட்டத்துக்கு 3 மணி நேரம் முன்பிருந்து இலவசம் என்றார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஸ்டேடியத்துக்கு நடந்தே வந்து விடலாம். மேட்ச் நாட்களில் மெட்ரோ நேரத்தையும் நீட்டித்தார்கள். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மாவட்ட ரசிகரின் கதை வேறு. மதுராந்தகம் பக்கத்தில் இருந்து வரும் ஒரு கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். டிக்கெட்டுக்கே ரெண்டு நாள் கூலி போய் விட்டது. ஆட்டம் முடிய இரவு 11 மணி தாண்டி விடும். கூட்டத்தில் முட்டி மோதி மெட்ரோ ஏறினால் விமான நிலையம் வரை போகலாம். அதோடு மெட்ரோ பாதை முடிந்தது. தென் மாவட்ட பஸ்களோ 2023 டிசம்பர் இறுதியில் இருந்து கிளாம்பாக்கத்துக்கு போய் விட்டன. விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் அந்த தூரத்தை எப்படி கடப்பது? ஆட்டோவுக்கு கொடுக்கும் காசில் இன்னொரு நாள் கூலி காலி.

மறுநாள் காலை 8 மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவர் இந்த வம்பே வேண்டாம் என்று பைக்கை எடுத்து வருகிறார். அவருக்கு பைக் ஆடம்பரம் இல்லை, வீடு போய்ச் சேர வேறு வழி இல்லை. அவரிடம் போய் பார்க்கிங் பெயரில் கறந்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

குடியிருப்பவர்களும் பாவம்

ரசிகர்கள் மேலும் தப்பு இல்லாமல் இல்லை. காசை மிச்சம் பிடிக்க திருவல்லிக்கேணி சந்துகளில் வீட்டு வாசலை அடைத்து வண்டியை விட்டுப் போகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒரு ஆட்டோ கூட வெளியே வர முடியாது. ஆஸ்பத்திரிக்கு போக வேண்டியவர் என்ன செய்வார்? மேட்ச் பார்ப்பவருக்கு ஒரு நாள் கஷ்டம். அங்கே குடியிருப்பவருக்கு சீசன் முழுக்க கஷ்டம். ஒழுங்கான இடமும், ஒழுங்கான ரேட்டும் இருந்தால் இந்த சண்டையில் பாதி குறைந்து விடும்.

என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் செலவு செய்து அடுக்குமாடி பார்க்கிங் கட்டச் சொல்லவில்லை. அதற்கு அங்கே இடமும் இல்லை. சின்னச் சின்ன வேலைகளே போதும்.

டிக்கெட் விற்கும்போதே எந்த கேலரிக்கு எங்கே பார்க்கிங், பைக்குக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லலாம். ஆமதாபாத் ஸ்டேடியத்தில் பார்க்கிங் இடத்தை செல்போன் ஆப் மூலம் முன்பே பதிவு செய்யும் முறை இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஒவ்வொரு பார்க்கிங் வாசலிலும் பெரிய எழுத்தில் தமிழில் ரேட் போர்டு வைக்கலாம். ரசீது இல்லாமல் காசு இல்லை என்று போலீசாரே மைக்கில் அறிவிக்கலாம். ஹெல்மெட் வைக்க டோக்கன் கவுண்டர் போடலாம். இவற்றை எல்லாம் விட முக்கியம், ஆட்டம் முடிந்ததும் அண்ணாசாலையில் இருந்து கிளாம்பாக்கத்துக்கும், மாதவரத்துக்கும் நேரடி சிறப்பு பஸ் விடலாம். டிக்கெட்டைக் காட்டினால் இலவசம் என்று கூட கேட்கவில்லை. காசு கொடுத்தே ஏறுவார்கள். பஸ் வந்தால் போதும்.

ரசிகர்களும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். முதல் நாளே போலீசாரின் போக்குவரத்து அறிவிப்பை பார்த்து விடுவது நல்லது. முடிந்தால் தள்ளி உள்ள மெட்ரோ நிலையத்தில் வண்டியை விட்டு ரெயிலில் வரலாம். ரசீதைக் கேட்டு வாங்கி செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

மைதானத்துக்குள் ஒரு ரன் கூட கணக்கு தப்புவது இல்லை. வைடு, நோ-பால் எல்லாம் கேமரா வைத்து பார்க்கிறார்கள். வெளியே வாங்கும் காசுக்கு மட்டும் கணக்கே இல்லை. அடுத்த மேட்சுக்கு முன்பாவது ஒரு ரேட் போர்டு வருமா? ரசிகர்கள் எதிர்பார்ப்பது அவ்வளவு தான்.