பந்து சோறு போடுமா?

வானகரத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து மீன் சந்தைக்குப் போவார். கூடை நிறைய மீன் வாங்கி வந்து தெருத்தெருவாக விற்பார். அந்தக் கூடைதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

அவருடைய மகளுக்கு வயது 13. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். நல்ல உயரம். மான் மாதிரி ஓட்டம்!

"இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு பார்க்கிறேன். பந்து சோறு போடுமா, அண்ணே?" என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்விதான். வயிறு நிறைந்தவர்கள் சிரிக்கலாம். உழைத்துப் பிழைப்பவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சென்னைப் பெண்

நான் அவருக்கு ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன்.

பெயர் அனிதா பால்துரை. 1985-ல் பிறந்தவர். நம் சென்னைப் பெண்தான்! 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி ஆனார். 2001 முதல் 2017 வரை, ஆசியக் கோப்பைப் போட்டிகளில் 9 தடவை இந்தியாவுக்காக ஆடினார். தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30!

2021-ல் இந்திய அரசு அவருக்குப் 'பத்மஸ்ரீ' பட்டம் கொடுத்தது.

பட்டம் சரி, சோறு?

அதையும் பந்துதான் கொடுத்தது. ஆட்டத் திறமையால் அவருக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே பந்து வேலையைக் கொடுக்கிறது. வேலை சோற்றைக் கொடுக்கிறது. ரயில்வேயும் வங்கிகளும் போலீஸும் நல்ல ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கின்றன.

ஆடுகிற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. ஆகவே, படிப்பை விடக்கூடாது. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பந்து. இரண்டும் வேண்டும்.

தாயான பிறகும்!

"கல்யாணம் ஆனால் ஆட்டம் போச்சு" என்பார்கள். அனிதா தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்றார்கள். முதல் பிரிவுக்கு முன்னேறினார்கள். அந்த அணியில் அனிதாவும் இருந்தார்.

பிள்ளை பெற்றவள் பந்து ஆடக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

பத்தடி கம்பம்

இந்த விளையாட்டு பிறந்தது 1891-ல், அமெரிக்காவில். நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி, அதில் பந்தைப் போடச் சொன்னார். அவ்வளவுதான்! ஏழைக்கும் எட்டுகிற விளையாட்டு இது.

ஊருக்கு ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், இரண்டு வளையம், சாயங்காலம் எரிய ஒரு விளக்கு. புறநகர்ப் பஞ்சாயத்துகள் இதைச் செய்யலாம். விளக்கு எரிந்தால் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் ஆடுவார்கள். பெற்றவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

பெற்றோர்களே! 13 வயதில் ஆட்டத்தை நிறுத்தினால், 19 வயதில் அணித் தலைவி எங்கிருந்து வருவாள்? எண்ணிப் பாருங்கள்.

கதையைக் கேட்ட அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "எனக்கு ஒரு கூடை. அவளுக்கும் ஒரு கூடை. ஆடட்டும், அண்ணே!" என்றார்.